சிக்னல் காட்டுகிறது, அழைப்பு போகவில்லை

வைஃபையில் இயங்கும் கார்டுலெஸ் போன் மக்கர் செய்தால் கை தானாகவே ஃபேக்டரி ரீசெட்டைத் தேடிப் போகும். அதை மட்டும் இப்போதைக்குச் செய்ய வேண்டாம். ரீசெட் கொடுத்தால் வைஃபை பாஸ்வேர்டோடு சர்வர் முகவரி, எக்ஸ்டென்ஷன் எண், அதற்குரிய பாஸ்வேர்டு எல்லாமே அழிந்துவிடும். அவற்றை முதலில் போட்டுக்கொடுத்தவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும். கோளாறு ரவுட்டரில் இருந்தால் அது இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கும்.

போன் எந்த இடத்தில் நின்றுபோகிறது என்று தெரிந்த பிறகே எதையும் மாற்ற வேண்டும். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதைப் பற்றித்தான். இடம் தெரிந்துவிட்டால் சரிசெய்வது பெரும்பாலும் ஐந்து நிமிட வேலை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள்: உங்கள் கையில் இருப்பது வைஃபை போன்தானா? பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் டெக்ட் வகை போன்கள் பலவும் இணையத்தில்தான் பேசுகின்றன. ஆனால் அவற்றின் ஹேண்ட்செட் ரவுட்டரோடு பேசுவதில்லை. தன்னுடைய பேஸ் பெட்டியோடு சுமார் 1.9 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பேசுகிறது. அந்தப் பெட்டியிலிருந்து கேபிள் வழியாக ரவுட்டருக்குப் போகிறது. பேஸ் பெட்டியின் பின்னால் நெட்வொர்க் கேபிள் செருகியிருந்தால் அது டெக்ட். அதில் வைஃபை பாஸ்வேர்டைத் தேடிப் பயனில்லை, கேபிளையும் பெட்டியின் விளக்குகளையும் பாருங்கள். சிஸ்கோ 8821, கிராண்ட்ஸ்ட்ரீம் டபிள்யூபி வரிசை போன்றவை வைஃபை போன்கள். அவற்றின் சார்ஜர் தாங்கி மின்சாரம் கொடுப்பதோடு சரி. இனி வருவதெல்லாம் இந்த இரண்டாம் வகைக்கு.

நான்கு படிகள், ஒரே செய்தி

போன் திரையில் வருவது பெரும்பாலும் ‘நோ சர்வீஸ்’ என்ற ஒரே செய்திதான். உள்ளே நடப்பது நான்கு வேலை. ரவுட்டரின் அலையைக் கண்டுபிடிக்க வேண்டும். பாஸ்வேர்டைக் காட்டி உள்ளே நுழைய வேண்டும். ரவுட்டரிடமிருந்து ஓர் ஐபி முகவரி வாங்க வேண்டும். அந்த முகவரியிலிருந்து தொலைபேசி சர்வரைத் தொடர்புகொண்டு தன் எண்ணைப் பதிவுசெய்ய வேண்டும். முந்தையது முடியாமல் அடுத்தது நடக்காது. ஆகவே மூன்றாவது படியில் நின்ற போனுக்கு முதல் படியில் வைத்தியம் பார்த்துப் பயனில்லை.

எந்தப் படி என்பதைப் போனே சொல்லிவிடும். மெனுவில் ‘ஸ்டேட்டஸ்’ என்றோ ‘நெட்வொர்க் இன்ஃபோ’ என்றோ ஒரு பக்கம் இருக்கும். அதில் நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இணைந்திருக்கும் வைஃபையின் பெயர், டிபிஎம் கணக்கில் சிக்னல் அளவு, ஐபி முகவரி, கணக்கின் நிலை. உதாரணமாக, பெயர் சரியாக இருக்கிறது, சிக்னல் -61, ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது, கணக்கு ‘அன்ரெஜிஸ்டர்டு’. இந்தத் தாளைப் பார்த்ததுமே சொல்லிவிடலாம், முதல் இரண்டு படிகளும் தாண்டியாயிற்று, சிக்னலிலும் குறையில்லை, ரவுட்டர் முகவரி கொடுக்கவில்லை என்று. சர்வர்காரருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

இதோடு ஒரு சோதனையையும் செய்துவிடுங்கள். உங்கள் மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதில் கார்டுலெஸ் போனை இணையுங்கள். ஹாட்ஸ்பாட்டை 2.4 ஜிகாஹெர்ட்ஸில் வையுங்கள்; ஐபோனில் அதற்கு ‘மேக்ஸிமைஸ் கம்பாட்டிபிலிட்டி’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அங்கே போன் இணைந்து, பதிவாகி, பேசவும் முடிந்தால், போனிலும் கணக்கிலும் பழுதில்லை. பிரச்சினை உங்கள் ரவுட்டரில் அல்லது அதற்குப் பின்னால் உள்ள இணைப்பில். சர்வர் உங்கள் அலுவலகத்துக்குள்ளேயே இருந்தால் மொபைல் வழியாக அதை எட்ட முடியாமல் போகலாம். அப்போதும் ஐபி முகவரி வரைக்கும் வந்துசேர்கிறதா என்று பார்க்கலாம். இந்த ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

வைஃபையின் பெயரே தெரியவில்லை

மற்ற எல்லாக் கருவிகளிலும் தெரிகிற வைஃபை இந்தப் போனில் மட்டும் தெரியவில்லை என்றால் அலைவரிசையைச் சந்தேகப்படுங்கள். பழைய வைஃபை போன்கள் பல 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. ரவுட்டரில் யாராவது 5 ஜிகாஹெர்ட்ஸை மட்டும் விட்டுவைத்திருந்தால் அவற்றுக்கு அது இல்லாத ஊர்தான். 2.4-லேயே ரவுட்டர் 12 அல்லது 13-ஆம் சேனலில் இருந்தால், அமெரிக்கச் சந்தைக்காகச் செய்யப்பட்ட போன் அதைத் தேடாமலே போகக்கூடும். அங்கே 1 முதல் 11 வரைதான் வழக்கம். சேனலை ‘ஆட்டோ’விலிருந்து எடுத்து 1, 6, 11 என்ற மூன்றில் ஒன்றில் நிறுத்துங்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸிலும் ஒரு சிக்கல் உண்டு. 52 முதல் 144 வரையுள்ள சேனல்களை ரேடார்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டும். ரவுட்டர் அங்கே ஒலிபரப்பத் தொடங்கும் முன் குறைந்தது 60 விநாடி காது கொடுத்துக் கேட்க வேண்டும். ரேடார் தென்பட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பேசிக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் அழைப்பு போய்விடும். போன்களுக்கு 36 முதல் 48 வரையுள்ள சேனல்களே நல்லது.

பெயரை மறைத்துவைத்த வைஃபையாக இருந்தால் மறைப்பை எடுத்துவிடுங்கள். அதனால் கிடைக்கும் பாதுகாப்பு சொல்லும்படியானதல்ல. போனுக்குத் தொல்லை மட்டும் நிஜம்.

பெயர் தெரிகிறது, உள்ளே விடவில்லை

பாஸ்வேர்டு சரியாகத்தான் போட்டேன் என்று எல்லோரும் சொல்வார்கள். எண் பட்டனை மூன்று முறை, நான்கு முறை அழுத்தி எழுத்து வரவழைக்கும் போனில், நட்சத்திரக் குறிகளாக மறைந்துபோகும் பாஸ்வேர்டைப் பிழையில்லாமல் அடிப்பது கடினம். பெரிய எழுத்து சிறிய எழுத்தாகும், கடைசியில் ஓர் இடைவெளி ஒட்டிக்கொள்ளும். போனுக்கு உலாவி வழியாக அமைக்கும் பக்கம் இருந்தால் கணினியிலிருந்து அடியுங்கள். இல்லாவிட்டால் ரவுட்டரில் போன்களுக்கென்று தனிப் பெயரில் ஒரு வைஃபை உருவாக்கி, சிறிய எழுத்துகளும் எண்களும் மட்டும் கலந்த நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். 8 முதல் 63 எழுத்து வரை வைக்கலாம்; 16 இருந்தால் போதும். சிறப்புக் குறிகளைத் தவிர்த்தால் பாதிப் பிரச்சினை வராது.

பாஸ்வேர்டு நூறு சதவீதம் சரி, புது ரவுட்டர் வந்ததிலிருந்துதான் தகராறு என்றால் பாதுகாப்பு முறையைப் பாருங்கள். 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 முறையை மட்டும் ரவுட்டர் ஏற்கும்படி வைத்திருந்தால், அதற்கு முந்தைய போன்கள் எந்தப் பாஸ்வேர்டைக் கொடுத்தாலும் நுழைய முடியாது. திரையில் வருவதோ ‘பாஸ்வேர்டு தவறு’ என்ற செய்தியாகக்கூட இருக்கலாம். ரவுட்டரில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு நிலை இருக்கும், அதில் வையுங்கள். அருகிலேயே ‘பிஎம்எஃப்’ என்று ஓர் அமைப்பு ‘ரிக்வயர்டு’ என்று இருந்தால் அதை ‘ஆப்ஷனல்’ ஆக்குங்கள்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. வெப் என்ற ஆரம்பகாலப் பாதுகாப்பு முறையை மட்டுமே அறிந்த மிகப் பழைய போன்கள் இன்னும் சில இடங்களில் இருக்கின்றன. அந்த ஒரு போனுக்காக வீட்டின் வைஃபை முழுவதையும் அந்தப் பழைய முறைக்குத் தாழ்த்த வேண்டாம். சில நிமிடங்களில் உடைக்கக்கூடிய பூட்டு அது. போனுக்கு ஓய்வு கொடுப்பதே என் யோசனை.

பெரிய அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் பெயர், சான்றிதழ் கேட்கும் வைஃபை இருக்கும். அங்கே நேற்று வரை வேலை செய்த போன், பேட்டரி முழுக்கத் தீர்ந்து மீண்டும் எழுந்ததும் நுழைய முடியவில்லை என்றால் தேதியைப் பாருங்கள். போனின் கடிகாரம் 1970-க்கோ 2000-க்கோ போயிருந்தால், சான்றிதழின் செல்லுபடிக் காலம் இன்னும் தொடங்கவில்லை என்று போன் கருதி அதை நிராகரிக்கும். தேதியைக் கையால் திருத்தினால் இணைந்துவிடும்.

முகவரி கிடைக்காதபோது

ஐபி முகவரி இருக்க வேண்டிய இடத்தில் 0.0.0.0 என்றோ 169.254 என்று தொடங்கும் எண்ணோ இருந்தால், போன் கேட்டும் ரவுட்டர் கொடுக்கவில்லை என்று பொருள். லாட்ஜ், நர்சிங் ஹோம், கோச்சிங் சென்டர் போல ஆட்கள் வந்துபோகும் இடங்களில் இது சாதாரணம். ரவுட்டரில் கொடுப்பதற்கு 100 முகவரிகள் இருக்கும். காலையில் வந்துபோனவரின் மொபைல் வாங்கிய முகவரி 24 மணி நேரத்துக்கு அவர் பெயரிலேயே இருக்கும். மாலையில் போனுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சமிருக்காது. ரவுட்டரை அணைத்துப் போட்டால் சரியாகி, மறுநாள் அதே நேரத்துக்கு மீண்டும் கெடுவது இதன் அடையாளம். முகவரி ஒருவர் பெயரில் இருக்கும் இந்தக் குத்தகைக் காலத்தை 2 மணி நேரமாகக் குறையுங்கள். போன்களின் மேக் முகவரிகளை (ஒவ்வொரு கருவிக்கும் உரிய அடையாள எண்) ரவுட்டரில் பதிந்து ஒவ்வொன்றுக்கும் நிரந்தரமாக ஒரு முகவரி ஒதுக்குங்கள்.

இணைய நிறுவனத்தை மாற்றிய பிறகு போன் வேலை செய்யவில்லை என்றால், பழைய நிலையான முகவரி போனிலேயே எழுதப்பட்டிருக்கிறதா பாருங்கள். பழைய ரவுட்டர் 192.168.1 என்று தொடங்கும் முகவரிகளைக் கொடுத்திருக்கும். ஜியோ ஃபைபர் ரவுட்டர் என்றால் வழக்கமாக 192.168.29. போன் பழைய எண்ணையே பிடித்துக்கொண்டிருந்தால் சிக்னல் முழுதாகக் காட்டும், எதுவும் நடக்காது. ரவுட்டரிடமிருந்து முகவரியைத் தானாக வாங்கும் ‘டிஹெச்சிபி’க்கு மாற்றுங்கள்.

முகவரியும் ஒழுங்காக வந்து, ஆனாலும் எதையும் எட்ட முடியவில்லை என்றால் அந்த வைஃபை உள்நுழைவுப் பக்கம் காட்டுகிற வகையாக இருக்கலாம். மொபைலில் அந்தப் பக்கம் தானாகத் திறந்து பெயர் கேட்கும். பல கார்டுலெஸ் போன்களில் உலாவி கிடையாது. நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவரிடம் போனின் மேக் முகவரியைக் கொடுத்து விலக்குக் கேட்பதைத் தவிர வழியில்லை.

பதிவு ஆகவில்லை, அல்லது ஆகியும் அரைகுறை

பதிவு ஏன் ஆகவில்லை என்பதற்கு சர்வர் ஓர் எண்ணைத் திருப்பித் தரும். 401 வந்தால் பயப்பட வேண்டாம், சர்வர் பாஸ்வேர்டு கேட்கும் வழக்கமான முறை அது. 403 என்றால் பெயரோ பாஸ்வேர்டோ ஏற்கப்படவில்லை, அல்லது கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது. 408 என்றால் பெரும்பாலும் சர்வரிடமிருந்து பதிலே வரவில்லை, போனே அந்த எண்ணைக் காட்டுகிறது. 408-க்கு பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்காதீர்கள். கோரிக்கை சர்வர் வரை போகவே இல்லை, அல்லது சர்வரின் பதில் திரும்பி வரவில்லை.

சர்வர் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே இருந்தால், உதாரணமாக அஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருள் போட்ட ஒரு கணினி, போன் தவறிப்போய் ‘கெஸ்ட்’ வைஃபையில் இணைந்திருக்கிறதா பாருங்கள். விருந்தினர் வைஃபையின் வேலையே உள்ளேயிருக்கும் கருவிகளைத் தொடவிடாமல் தடுப்பதுதான். இணையம் நன்றாக வரும், பக்கத்து அறையிலுள்ள சர்வர் எட்டாது.

சர்வர் வெளியே இருந்தால் ரவுட்டரில் ‘எஸ்ஐபி ஏஎல்ஜி’ என்ற வசதியைத் தேடி அணைத்துவிடுங்கள். தொலைபேசிக்கு உதவி செய்வதற்காகச் சேர்க்கப்பட்ட வசதி அது. போகிற செய்திகளைப் பிரித்து முகவரிகளைத் திருத்துகிறேன் என்று பல ரவுட்டர்களில் செய்தியையே கெடுத்துவிடுகிறது. இன்றைய சர்வர்கள் அந்த உதவி இல்லாமலே சமாளித்துக்கொள்கின்றன.

இங்கே நேரக்கணக்கு பெரிய துப்பு. எடுத்த அழைப்பு ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் தாண்டியதும் அறுந்தால், கடிகாரம் வைத்துப் பாருங்கள். 32 விநாடி என்று வந்தால் அது சிக்னல் குறை அல்ல. அழைப்பை எடுத்தவரின் பக்கம் ‘எடுத்துவிட்டேன்’ என்று சொல்லி, அதற்கான ஒப்புதலுக்கு நெறிமுறைப்படி 32 விநாடி காத்திருக்கிறது. ஒப்புதல் வழியில் தொலைந்தால் அழைப்பைத் துண்டிக்கிறது. ஏஎல்ஜியும் ரவுட்டரின் முகவரி மாற்றமும்தான் முதல் சந்தேக நபர்கள். சரியாக 15 நிமிடத்தில் அறுந்தால், அழைப்பு உயிரோடு இருக்கிறதா என்று இடையில் கேட்கப்படும் கேள்விக்குப் பதில் போகவில்லை. 1800 விநாடிக் கெடுவில் பாதியில் அந்தக் கேள்வி வரும். கண்டபடி, கண்ட நேரத்தில் அறுந்தால்தான் அலைப் பிரச்சினையைத் தேட வேண்டும்.

இங்கிருந்து அழைத்தால் போகிறது, வெளியிலிருந்து வருவது மட்டும் சில நிமிடங்களில் நின்றுவிடுகிறது என்பதும் அடிக்கடி கேட்கிற புகார். ரவுட்டர் போனுக்காகத் திறந்துவைத்த வழியை, பேச்சு ஓய்ந்ததும் மூடிவிடுகிறது. சில ரவுட்டர்கள் 30 விநாடியிலேயே மூடிவிடும். போனின் அமைப்பில் ‘கீப் அலைவ்’ 20 விநாடி என்று வைத்தால் வழி திறந்தே இருக்கும். ஒரு பக்கக் குரல் மட்டும் கேட்டால் பதிவுக்கான பாதை சரி, குரலுக்கான பாதை அடைபட்டிருக்கிறது. அஸ்டரிஸ்கில் அது இயல்பாக 10000 முதல் 20000 வரையுள்ள போர்ட்டுகள்.

இணைந்துவிட்டது, குரல்தான் உடைகிறது

இதுதான் எல்லாவற்றிலும் பொறுமை கேட்கும் பகுதி. ஸ்பீடு டெஸ்ட் போட்டு 100 எம்பிபிஎஸ் வருகிறதே என்று சொல்லாதீர்கள். ஜி.711 முறையில் ஒரு குரலுக்குத் தேவை ஒரு திசையில் சுமார் 80 கேபிபிஎஸ்தான். தேவைப்படுவது வேகமல்ல, ஒழுங்கு. விநாடிக்கு 50 சிறு பொட்டலங்கள், 20 மில்லி விநாடிக்கு ஒன்றாக, இரண்டு திசையிலும் தவறாமல் போக வேண்டும். வீடியோ பார்க்கும்போது அரை விநாடி தடங்கலை முன்னதாகச் சேர்த்துவைத்த தரவு மறைத்துவிடும். பேச்சில் மறைக்க இடமில்லை.

சிக்னல் கோடுகளை நம்பாமல் டிபிஎம் எண்ணைப் பாருங்கள். பூஜ்ஜியத்துக்கு எவ்வளவு அருகிலோ அவ்வளவு நல்லது. பேச்சுக்கு -67 அல்லது அதைவிட நல்ல அளவு வேண்டும் என்பதே துறையில் உள்ள வழக்கு. -75-க்குக் கீழே போனால் இணையப் பக்கம் திறக்கும், பேச்சு திக்கும்.

அந்த எண்ணும் பாதிக் கதைதான். போன் காட்டுவது ரவுட்டரிடமிருந்து தனக்கு வருகிற சிக்னலை. போனிலிருந்து ரவுட்டருக்குப் போவது எவ்வளவு என்று அது காட்டாது. ரவுட்டருக்குப் பெரிய ஆன்டெனா, சுவர் மின்சாரம். போனுக்குச் சிறிய ஆன்டெனா, பேட்டரி, அதையும் உங்கள் கை மூடிக்கொண்டிருக்கும். ஆகவே எதிராளி பேசுவது உங்களுக்குத் தெளிவாகக் கேட்டு, நீங்கள் பேசுவது அவருக்கு விட்டுவிட்டுக் கேட்டால், போன் ரவுட்டரை எட்ட முடியாத தூரத்தில் இருக்கிறது. ரவுட்டரின் சக்தியை ‘ஹை’யில் வைப்பது இதற்கு மருந்தல்ல. கோடுகள் கூடும், உங்கள் குரல் அங்கே போய்ச் சேராது. கேபிள் இழுத்து இன்னொரு அக்சஸ் பாயிண்ட் வைப்பதே சரி. வைஃபையிலேயே வாங்கி வைஃபையிலேயே கொடுக்கும் ரிப்பீட்டர் மலிவு. ஆனால் ஒவ்வொரு பொட்டலத்தையும் இரண்டு முறை காற்றில் அனுப்புவதால் பேச்சுக்கு அது கடைசித் தேர்வாகவே இருக்கட்டும்.

போனை ஸ்டேட்டஸ் பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு கட்டடம் முழுவதும் மெதுவாக நடந்து பாருங்கள். ஒரு நர்சிங் ஹோமில் நடந்த அப்படியொரு சோதனை இது: வரவேற்பு மேசையில் -55. மாடிப்படியில் ஏறும்போது -70. மேல் மாடியில் லிஃப்ட்டைத் தாண்டியதும் -80, குரல் போய்விட்டது. தலைக்கு நேர் மேலே கூரையில் இன்னொரு அக்சஸ் பாயிண்ட் பச்சை விளக்கோடு இருந்தது. போன் அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. கீழே உள்ளதையே கடைசி மூச்சுவரை பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது மாற வேண்டும் என்று முடிவெடுப்பது போன். அதன் அமைப்பில் ‘ரோமிங் த்ரெஷோல்டு’ -70 என்று வைத்து, கீழ் மாடி அக்சஸ் பாயிண்டின் சக்தியைக் குறைத்ததும் நர்ஸுகள் பேசிக்கொண்டே நடக்க முடிந்தது. அக்சஸ் பாயிண்டுகளின் பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு முறை மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால்தான் இந்த மாற்றம் தடையில்லாமல் நடக்கும்.

சிக்னலை விழுங்குபவை எவை என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி கட்டிய கான்கிரீட் தளம், இரும்பு பீரோ, லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, பெரிய கண்ணாடி. பீரோ மேல் ரவுட்டரை வைக்கும் வழக்கத்தை விட்டால் பல வீடுகளில் அதுவே போதும். மைக்ரோவேவ் அடுப்பு 2.45 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால், சமையலறையில் அது ஓடும் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் குரல் உடையும். போன் 5 ஜிகாஹெர்ட்ஸ் அறிந்ததாக இருந்தால் அங்கே மாற்றுங்கள். 2.4-இல் சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸாகவே இருக்கட்டும். 40 வைத்தால் அக்கம்பக்கத்து வைஃபையோடு மோதல் கூடும்.

ரவுட்டரில் ‘டபிள்யூஎம்எம்’ கட்டாயம் இயங்க வேண்டும். குரல் பொட்டலங்களை மற்றவற்றுக்கு முன்னால் அனுப்புவது அதுதான். போன் தூங்கித் தூங்கி விழித்துப் பேட்டரியை மிச்சப்படுத்துவதும் அதன் துணையோடுதான். அதை அணைத்துவைத்த இடங்களில் குரலும் கெடும், காலையில் சார்ஜ் போட்ட போன் மதியமே அணையும்.

இவ்வளவுக்குப் பிறகும் தீராவிட்டால் போனின் மென்பொருளைப் புதுப்பியுங்கள், அதுவும் சார்ஜரில் வைத்தபடி. பிறகு சேவை தருபவரை அழையுங்கள். ‘லைன் சரியில்லை’ என்று சொன்னால் அவர் ரவுட்டரை அணைத்துப் போடச் சொல்வார். அழைப்பு அறுந்த நேரத்தை நிமிடத்தோடு சொல்லுங்கள். அப்போது நின்றிருந்த இடம், டிபிஎம் எண், ஐபி முகவரி, கணக்கின் நிலை, சர்வர் தந்த எண், ஹாட்ஸ்பாட்டில் என்ன ஆனது என்பதையும் சொல்லுங்கள். தன் சர்வரின் பதிவேட்டில் அந்த நிமிடத்தைத் தேடிப் பார்க்க அவருக்கு அது போதும்.